உராய்வுக் கணக்கில் முதற் கேள்வி

ஒரு சிறு கணக்குடன் தொடங்குவோம். தரையில் 10 கிலோகிராம் நிறையுள்ள மரப்பெட்டி ஒன்று இருக்கிறது. பெட்டிக்கும் தரைக்கும் இடையே நிலை உராய்வுக் குணகம் 0.5. பெட்டியை 20 நியூட்டன் விசையால் கிடைமட்டமாக இழுக்கிறோம். பெட்டியின் மீது செயல்படும் உராய்வு விசை எவ்வளவு?

கல்லூரி முதலாண்டு வகுப்பில் இக்கணக்கைப் பலமுறை கொடுத்திருக்கிறேன். பெரும்பாலோர் தயங்காமல் 49 நியூட்டன் என்று எழுதுகிறார்கள். பெட்டியின் எடை 98 நியூட்டன், அதை 0.5 ஆல் பெருக்கினால் 49. பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் விடை தவறு. 20 நியூட்டன் விசையால் முன்னே இழுக்கப்படும் பெட்டியை உராய்வு 49 நியூட்டன் விசையால் பின்னே தள்ளுமானால், பெட்டி இழுப்பவருக்கு எதிர்த்திசையில் அல்லவா ஓட வேண்டும்? அப்படி ஓடும் பெட்டியை யாரேனும் கண்டதுண்டா? பெட்டி அசையவே இல்லை. ஆகவே உராய்வு விசை சரியாக 20 நியூட்டன். 49 என்பது அதன் எல்லை மட்டுமே.

உராய்வுக் கணக்கில் முதலில் எழுத வேண்டியது சூத்திரம் அன்று, ‘பொருள் நழுவுகிறதா, இல்லையா?’ என்ற கேள்விதான் என்பது என் கருத்து. நழுவவில்லை என்றால், ஓய்வைக் காக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் உராய்வு. தேவை எல்லையைத் தாண்டினால் பொருள் நழுவும். அதன் பிறகே இயக்க உராய்வுக் குணகத்தைச் செங்குத்து எதிர்விசையால் பெருக்க வேண்டும். அதே பெட்டியை 60 நியூட்டன் விசையால் இழுங்கள். 60 என்பது 49 ஐவிட அதிகம், பெட்டி நகரும். இயக்க உராய்வுக் குணகம் 0.4 எனில் உராய்வு 39.2 நியூட்டன். மீதி 20.8 நியூட்டன். 10 கிலோகிராமால் வகுத்தால் முடுக்கம் வினாடிக்கு வினாடி 2.08 மீட்டர்.

இரண்டாவது கேள்வி, உராய்வு எந்தத் திசையில்? ‘உராய்வு இயக்கத்தை எதிர்க்கும்’ என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். அது பாதி உண்மை. தொட்டுக்கொண்டிருக்கும் இரு பரப்புகளும் ஒன்றின்மேல் ஒன்று நழுவுவதைத்தான் உராய்வு எதிர்க்கிறது. இதை அறிய வேலூர் வட்டாரத்து மாணவர்களுக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையோரம் சற்று நின்றாலே போதும்.

தோல் கட்டு ஏற்றிய லாரி ஒன்று புறப்படுவதாகக் கொள்வோம். கட்டின் நிறை 50 கிலோகிராம். கட்டுக்கும் லாரித் தளத்துக்கும் இடையே நிலை உராய்வுக் குணகம் 0.4 என எடுத்துக்கொள்வோம். லாரி வினாடிக்கு வினாடி 2 மீட்டர் முடுக்கத்துடன் கிளம்புகிறது. கட்டும் அதே முடுக்கம் பெற 100 நியூட்டன் விசை வேண்டும். கட்டைப் பிடித்து இழுப்பவர் எவருமில்லை. அந்த 100 நியூட்டனை முன்னோக்கித் தருவது உராய்வுதான்! இங்கே உராய்வு இயக்கத்தை எதிர்க்கவில்லை, அதுவே இயக்குகிறது. நாம் நடக்கும்போது பாதத்தை முன்னே தள்ளுவதும் இதே உராய்வுதான்.

இப்போது ஓட்டுநர் சட்டென்று பிரேக் போடுகிறார். வேகம் வினாடிக்கு வினாடி 5 மீட்டர் வீதம் குறைகிறது. கட்டு லாரியோடு சேர்ந்து நிற்க 250 நியூட்டன் பின்னோக்கிய விசை தேவை. உராய்வின் எல்லையோ 0.4 × 50 × 9.8 = 196 நியூட்டன். ஆகவே கட்டு முன்னே நழுவும். நழுவாமல் இருக்கக் கயிறு குறைந்தது 54 நியூட்டன் தர வேண்டும். தளம் நனைந்து குணகம் 0.2 ஆகக் குறைந்தால் உராய்வின் எல்லை 98 நியூட்டன். கயிற்றின் பங்கு 152 நியூட்டனாக உயர்கிறது.

‘இவ்வளவு கனம், இது எங்கே நகரப்போகிறது?’ என்று சொல்லிக் கயிறு கட்டாமல் விடுபவர்கள் உண்டு. கணக்கு என்ன சொல்கிறது? கட்டின் நிறை இரு மடங்கானால் உராய்வின் எல்லையும் இரு மடங்காகிறது. நிறுத்தத் தேவையான விசையும் இரு மடங்காகிறது. நிறை இரு பக்கமும் அடிபட்டுப் போகிறது. 50 கிலோ கட்டு நழுவும் பிரேக்கில் 500 கிலோ கட்டும் நழுவும். லாரியின் முன்புறத்துக்கும் சரக்குக்கும் நடுவே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். நிறையை அடித்துவிடும் அந்த ஒரு வரி, தேர்வில் ஒரு மதிப்பெண்; சாலையில் ஓர் உயிர்.

உராய்வு விதிகள் பிறந்ததும் தொழில் நடக்கும் இடத்தில்தான். பிரான்சு நாட்டின் அமோந்தோன் 1699 இல் உராய்வு பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். அதன்பின் கூலும் 1779 அளவில் ரோஷ்ஃபோர் நகரின் கப்பல் கட்டும் தளத்தில் மரம், உலோகம், கயிறு ஆகியவற்றைக் கொண்டு சோதித்தார். அந்த ஆய்வுக்கு 1781 இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் பரிசு கிடைத்தது. மின்னேற்றங்களின் விதியால் நாம் அறிந்த அதே கூலும்தான்!

ஒன்றை மறக்கக் கூடாது. உராய்வு விதி, ஈர்ப்பு விதிபோல் அடிப்படை விதி அன்று. அளந்து கண்ட தோராய விதி. ரப்பர் போன்ற பொருள்கள் அதற்கு முழுமையாகக் கட்டுப்படுவதில்லை. அதனால்தான் பாதுகாப்புக் காலணிகளைச் சூத்திரத்தை நம்பி விற்பதில்லை, சோதித்துப் பார்க்கிறார்கள். பன்னாட்டுச் சோதனை முறையில், பெரிய அளவுக் காலணியை 500 நியூட்டன் விசையால் அழுத்தி, வினாடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் நழுவச் செய்கிறார்கள். 2011 ஆம் ஆண்டின் தரத்தின்படி, சோப்புக் கரைசல் தடவிய பீங்கான் ஓட்டின்மீது காலணியின் முழு அடி படிந்து நழுவும்போது குணகம் 0.32 க்குக் குறையக் கூடாது. கிளிசரின் தடவிய எஃகின்மீது 0.18. அதாவது உராய்வு விசை முறையே 160, 90 நியூட்டன். இத்தரம் பின்னர் திருத்தப்பட்டது. ஆனால் சோதனையின் அடிப்படை, உங்கள் பாடநூலின் அதே பெருக்கல்தான். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் உங்கள் வீட்டார் வேலை செய்தால், அடித்தட்டில் வரிகள் ஏன் வெட்டப்படுகின்றன என்று கேட்டுப் பாருங்கள். நீரும் எண்ணெயும் விலகிச் செல்ல அவை வழி தருகின்றன.

‘தேர்வில் இவ்வளவு யோசிக்க நேரம் ஏது?’ என்பீர்கள். நியாயமான கேள்வி. குற்றம் உங்களுடையது மட்டும் அன்று. கணக்கு அமைக்கும் எங்களுக்கும் அதில் பங்குண்டு. பொருள் நழுவுவதாகவே வைத்துக் கணக்குக் கொடுத்தால், மாணவர் பெருக்கத்தானே பழகுவார்? நழுவாத பெட்டியும், உராய்வே முன்னே தள்ளும் கட்டும் வினாத்தாளில் இடம்பெற வேண்டும். உங்கள் பங்குக்கு, சூத்திரத்துக்கு முன் பெட்டியைத் தனியே வரைந்து விசைகளை அம்புக்குறிகளாகக் காட்டுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

இன்று மாலையே ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் பள்ளிக் காலணியை ஒரு பலகைமேல் வைத்துப் பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். காலணி நழுவத் தொடங்கும் கணத்தில் நிறுத்தி, முனையின் உயரத்தையும், அம்முனைக்கு நேர் கீழிருந்து மறுமுனை வரை தரையின் நீளத்தையும் அளங்கள். உயரம் 40 செ.மீ., தரை நீளம் 80 செ.மீ. என்றால் நிலை உராய்வுக் குணகம் 0.5. பிறகு காலணிக்குள் ஒரு கல்லை வைத்து மீண்டும் பாருங்கள். அடுத்து பலகையை நனைத்துப் பாருங்கள். எது மாறுகிறது, எது மாறவில்லை என்று முதலிலேயே ஊகித்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஊகம் தவறினால் வருந்த வேண்டாம். ஏன் தவறியது என்று தேடுங்கள். அங்கேதான் இயற்பியல் தொடங்குகிறது.