இருபதில் ஒரு புள்ளி

"பெரிசா வாங்கு, 4கே-வா வாங்கு. வாங்குறதே ஒரு தடவதான்." டிவி வாங்கக் கிளம்பும் குடும்பத்துக்கு இங்கே முதலில் கிடைக்கும் புத்திமதி இதுதான். கும்மிடிப்பூண்டிக் கடையில் சொல்கிறார்கள். சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் பையன் சொல்கிறான். பக்கத்து வீட்டிலும் அதையே சொல்கிறார்கள். சுண்ணாம்புக்குளம் போன்ற ஏரிக்கரை ஊரில், கையில் இருபது முப்பதாயிரம் ரூபாயோடு நிற்கும் குடும்பத்தை இந்தப் புத்திமதி ஏமாற்றுகிறது.

போன தீபாவளி கழிந்து அந்த ஊரில் ஓர் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். பத்தடிக் கூடம். சுவரை அடைத்துக்கொண்டு புது 55 இன்ச் டிவி. ஏழடி தள்ளிக் கட்டிலில் உட்கார்ந்து ஆயா சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். கதாநாயகியின் புருவமும் நெற்றிப் பொட்டும் தூறலில் நனைந்த கோலம்போல ஓரம் கலைந்து தெரிந்தன. "கலைஞர் குடுத்த பொட்டியில மூஞ்சி நல்லா தெரிஞ்சுச்சு. இதுல ஏன்பா கொழகொழன்னு இருக்கு?" என்றார். "ஆயாவுக்குக் கண்ணு போச்சு" என்றான் பேரன். சர்வீஸ் ஆள் இரண்டு முறை வந்து பார்த்து, டிவியில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிப் போயிருக்கிறார்.

ஆயாவின் கண்ணில் கோளாறு இல்லை. டிவியின் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை வைத்த பழைய ஏவி ஒயர் வந்து செருகியிருந்தது. அந்த ஒயரில் வரும் சாதாரணக் கேபிள் படத்தில் அகலவாட்டில் 720 புள்ளி, உயரவாட்டில் 576 வரி. பெருக்கினால் 4,14,720. 4கே திரையில் 3840-ஐ 2160-ஆல் பெருக்க வேண்டும்: 82,94,400 புள்ளி. வகுத்துப் பாருங்கள், சரியாக இருபது மடங்கு. வீட்டுக்கு வந்து சேர்வது ஒரு புள்ளி என்றால், மீதிப் பத்தொன்பதையும் டிவிக்குள் இருக்கும் சிப் அக்கம்பக்கம் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. வராத புருவ முடியை எந்த சிப்பாலும் கொண்டுவர முடியாது. வந்ததை இழுத்துப் பூசத்தான் முடியும். திரை பெரிதாகப் பெரிதாக அந்தப் பூச்சும் பெரிதாகத் தெரியும்.

ஆயா சொன்ன பொட்டி, 2006 செப்டம்பரில் தொடங்கி கலைஞரின் தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவி. அதே 576 வரிப் படம் ஏறக்குறைய ஒரு சாண் உயரக் கண்ணாடியில் அடங்கி நின்றது. அதனால்தான் முகம் தெளிவாக இருந்தது. ஆயா பழைய நினைப்பில் பேசவில்லை, பார்த்ததைப் பேசினார். அதை நம்பாமல் பெட்டி மேல் அச்சடித்த எண்ணை நம்பினார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

"இப்ப யாரு கேபிள் பாக்குறாங்க? யூடியூப், ஓடிடிதானே" என்று கேட்பார்கள். சரி, அந்தக் கணக்கையும் போடுவோம். 4கே படத்துக்கு மணிக்கு 7 ஜிபி வரை ஆகும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. செல்போனில் நாளுக்கு 2 ஜிபி பேக் போட்டு ஹாட்ஸ்பாட் கொடுக்கும் வீட்டில், மூன்று நாள் டேட்டா ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதே நிறுவனத்தில் 4கே வேண்டுமென்றால் மாதம் 649 ரூபாய்த் திட்டம்தான் போட வேண்டும். வீடுவரை ஃபைபர் இணைப்பும் பெரிய கூடமும் இருப்பவர் 55 இன்ச் 4கே தாராளமாக வாங்கட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. 43 இன்ச் ஃபுல் எச்டி திரையில், நல்ல பார்வை உள்ளவருக்கே ஐந்தரை அடிக்கு அப்பால் புள்ளிகள் பிரிந்து தெரிவதில்லை. ஆறடி தள்ளி உட்காரும் வீட்டில் அதற்கு மேல் கொடுக்கும் காசு யாருக்காக?

வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் நன்றாகப் பிரித்துக் காட்டும் என்று பெட்டி மேல் போட்டிருக்கும் எச்டிஆர் என்ற எழுத்தும் அப்படித்தான். அதற்கென்று தயாராகும் படங்கள் பெரும்பாலும் 1000 நிட்ஸ் வெளிச்சத்தைக் கணக்கில் வைத்துச் செய்யப்படுகின்றன. நடுத்தர விலை டிவியின் வெளிச்சமோ பெரும்பாலும் 250, 300 நிட்ஸ்தான்.

பெரிசும் 4கே-யும்தான் நல்லது என்ற நம்பிக்கை பிழைத்துக் கிடப்பது கடைச் சுவரில். அங்கே ஓடுவது கம்பெனி கொடுத்த 4கே வீடியோ: கிளி, பழம், பனிமலை. வெளிச்சத்தை உச்சத்தில் ஏற்றி வைத்திருப்பார்கள். வீட்டில் ஓடப்போகும் படம் அங்கே ஓடுவதே இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்சுக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. மிச்சமாகும் அந்தப் பணத்தையும் "இன்னும் ஒரு சைஸ் ஏத்திக்கோங்க" என்றே கேட்கிறார்கள். கையில் இல்லாததற்கு வட்டியில்லாத் தவணை. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. வட்டி வேறு பெயரில் விலைக்குள் இருக்கிறது.

இந்த ஊர்களில் கையில் வருவது ஏரிக்காசு. இறால் பட்டால் உண்டு, படாவிட்டால் இல்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடல் தொழிலுக்குப் போகிறவர்களும் போகக் கூடாது. மாதத் தவணைக்கு அந்த நாள் கணக்கெல்லாம் தெரியாது. கரண்டையும் பாருங்கள்: 130 வாட் இழுக்கும் 55 இன்ச் டிவி தினம் ஆறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 47 யூனிட். இலவசமாக வரும் 100 யூனிட்டில் பாதி போயிற்று. 32 இன்ச் என்றால் 18 யூனிட்டோடு முடியும்.

கேபிள் பார்க்கும் சின்னக் கூடத்துக்கு 32 இன்ச் போதும். எச்டி பாக்ஸ் இருந்தால், அதை எச்டிஎம்ஐ ஒயரில் மாட்டி 43 இன்ச் ஃபுல் எச்டி. மிஞ்சும் பணத்தைச் சத்தத்துக்குக் கொடுங்கள். மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் பெரும்பாலும் தரையைப் பார்த்து இருக்கிறது. ஐப்பசி மழை ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் அடிக்கும்போது வசனம் ஒன்றும் கேட்காது. ஒரு சவுண்ட்பார் இருந்தால் ஆயா "என்னப்பா சொன்னான்?" என்று கேட்க வேண்டியிருக்காது. பொன்னேரியிலோ கும்மிடிப்பூண்டியிலோ ஆள் வந்து பார்க்கும் கம்பெனியாகப் பாருங்கள். உப்புக்காற்று சர்க்யூட் போர்டை அரிக்கும், அரிப்புக்குப் பெரும்பாலும் வாரண்டி கிடையாது. ஏரியைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். மின்னல் வெட்டினால் ப்ளக்கோடு கேபிள் ஒயரையும் பிடுங்கி வையுங்கள்.

கடைக்குப் போகும்போது ஆயாவையும் கூட்டிப் போங்கள். கம்பெனி வீடியோவை நிறுத்தச் சொல்லி, சாதாரணக் கேபிளில் ஒரு சீரியல் போடச் சொல்லுங்கள். போட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். போட்டால், வீட்டுக் கட்டில் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் தள்ளி ஆயாவை உட்கார வைத்து, முகம் தெரிகிறதா என்று கேளுங்கள்.