கம்பியைக் காக்கும் உறை

மலைப்பாதைத் துவிச்சக்கர வண்டி வாங்குவோர் சட்டத்தைத் தட்டிப் பார்ப்பர். சக்கரத்தைச் சுழற்றிப் பார்ப்பர். கைபிடியிலிருந்து பின்சக்கரம்வரை ஓடும் கம்பியை நோக்குவோர் சிலரே. செங்குத்தான இறக்கத்தில் ஓட்டுபவரின் உயிர் அக்கம்பியையே நம்பியிருக்கின்றது என்பதை நேயர்களுக்கு இவ்வாரம் நினைவூட்ட விரும்புகின்றோம்.

கலிபோர்ணியாவின் தமல்பையஸ் மலைப்பக்கத்தில் 1976ஆம் ஆண்டு இளைஞர் சிலர் பழைய வண்டிகளில் மலையிறங்கும் பந்தயத்தைத் தொடங்கினர். மிதிகட்டையைப் பின்னோக்கி மிதித்தால் நிற்கும் பிறேக்கே அவற்றில் இருந்தது. ஒருமுறை இறங்கியதும் உள்ளிருக்கும் கிறீஸ் வெந்து புகைந்துவிடும். ஆகவே கையால் இயக்கும் பிறேக்குகளை நாடினர். கம்பியின் பொறுப்பும் பெருகிற்று.

உறை வெறும் போர்வையன்று. உள்ளே கம்பி இழுபடும்போது, வெளியே உறை அதே அளவு அமுக்கத்தைத் தாங்குகின்றது. வழக்கமான பிறேக் உறையில் உருக்குக் கம்பி சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். தடிப்பு 5 மில்லிமீற்றர். கியர் உறையில் மெல்லிய கம்பிகள் நெடுக்காகக் கிடக்கும். தடிப்பு பெரும்பாலும் 4 மில்லிமீற்றர். கியர் உறையைப் பிறேக்குக்கு மாட்டினால், பலமாகப் பிடிக்கும் வேளையில் அது வெடித்துப் பிரியக்கூடும். கையிலகப்பட்டதை மாட்டிச் சமாளிப்பது இங்கே பெரும் பிழை.

செல்லும் வழியும் முக்கியம். சக்கரம் வாரியிறைக்கும் சேறு கீழ்க்குழாயின் அடிப்பக்கத்திலேயே அதிகம் படியும். ஆதலால் கம்பியை மேற்குழாய் வழியாகவோ, சட்டத்தின் உள்ளாகவோ, இடைவெளியற்ற முழு உறையினுள்ளோ கொண்டுசெல்வர். உறை குட்டையாயின் கைபிடி திரும்பும்போது இழுபடும். நெடிதாயின் செடிகொடியில் சிக்கும். கைபிடியை இருபுறமும் முற்றாகத் திருப்பிப் பார்த்தே நீளத்தைத் தீர்மானித்தல் வேண்டும்.

உறையின் முனையை நேராக வெட்டி உலோகத் தொப்பி இடுக. சட்டத்தில் உராயுமிடத்தில் தடித்த ஒட்டுநாடா ஒட்டுக. இல்லையேல் வர்ணம் தேய்ந்து, நாளடைவில் உலோகமும் தேயும். கம்பி இறுகினாலும் இழை ஒன்று அறுந்தாலும் உடனே மாற்றுக.

இன்று பல வண்டிகளில் பிறேக் கம்பிக்குப் பதிலாக எண்ணெய்க் குழாய் வந்துவிட்டது. வளைவும் உராய்வும் பற்றிய விதி அதற்கும் பொருந்தும்.

பிள்ளைகள் வண்டியுடன் புறப்படுமுன், பிறேக்கை ஒருமுறை இறுக்கிப் பார்த்து அனுப்புங்கள். செலவாவது அரை நிமிடம். காக்கப்படுவதோ ஓர் உயிர்.