வாடைக்கு ஒரு பானைக் கூழ்

 

வாடைக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் மன்னார்த் தீவில் சமையலறையின் போக்கே மாறிவிடும். ஆண்டின் பெரும்பகுதி வெயிலில் காய்ந்து கிடக்கும் இந்தத் தீவுக்கு மழை என்பது ஒக்டோபர் முதல் ஜனவரி வரையுள்ள சில மாதங்கள்தாம். அப்போது வடக்குக் கரையில் கடல் கொந்தளிக்கும். தோணிகள் கரையில் கிடக்கும். வெயில் காலத்தில் உப்பிட்டுக் காயவைத்த கருவாடும், பானையில் இருக்கும் ஒடியல் மாவும், வேலியோரத்து முருங்கையும்தான் அந்த நாட்களில் கைகொடுக்கும். குளிருக்கு இதமாக, வயிறு நிறைய, வீட்டில் எல்லோரும் கூடியிருந்து உண்ணும் உணவுகள் இவற்றிலிருந்தே பிறந்தன.

ஆனால் ‘நல்ல சாப்பாடு’ என்றால் இன்று நமக்குப் பிரியாணியும் வட்டிலப்பமும்தான் நினைவுக்கு வருகின்றன. விருந்தாளி வந்துவிட்டால் கூழ்ப்பானையை மூடி ஒரு மூலையில் வைக்கும் வீடுகளும் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை.

கஞ்சியும் கூழும் நமது மார்க்க வரலாற்றில் மதிப்புக் குறைந்த உணவுகள் அல்ல. ஒரு வீட்டில் மௌத்து நிகழ்ந்து, வந்த பெண்கள் கலைந்து சென்று, குடும்பத்தாரும் நெருங்கியவர்களும் மட்டும் எஞ்சியிருக்கும் வேளையில், அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் தல்பீனா காய்ச்சச் சொல்வார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. வாற்கோதுமை மாவில் காய்ச்சும் மெல்லிய கஞ்சி அது. பாலைப் போல் வெளுத்து, இளகியிருப்பதால் ‘லபன்’ என்ற சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. அது நோயாளியின் உள்ளத்துக்கு ஆறுதல் தரும், கவலையில் ஒரு பகுதியைப் போக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை அன்னையவர்கள் எடுத்துச் சொல்வார்கள். பேச்சு எடுபடாத துக்க வீட்டில் ஒரு கோப்பைச் சூடான கஞ்சிக்கு இருக்கும் வேலையைப் பாருங்கள்!

நமது கரையில் வாற்கோதுமை விளையாது. நமக்குப் பனை இருக்கிறது. பனங்கொட்டையைப் பாத்தியில் புதைத்து, முளைத்த கிழங்கைக் கிண்டி எடுத்து, பச்சையாகவே பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கூழுக்கு ஒடியலை இடித்த மாவுதான் வேண்டும். 8 பேருக்குக் கால் கிலோ மாவு போதும். அதைத் தண்ணீரில் கரைத்து இரண்டு மணி நேரமாவது ஊறவையுங்கள். மா அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை இறுத்து ஊற்றிவிட்டு, மறுபடி புதுத்தண்ணீர் விட்டு இறுத்தெடுங்கள். அவசரத்தில் இதை விட்டுவிடாதீர்கள். ஒடியலின் கசப்பு போவது இப்படித்தான்.

பெரிய பானையில் தண்ணீர் கொதித்ததும் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய் ஆகியவற்றைப் போட்டு அவியவிடுங்கள். அவை முக்கால் பதம் வெந்ததும் மீன் தலைகள், முள் குறைந்த மீன் துண்டுகள், இறால், கணவாய். செத்தல் மிளகாயை மஞ்சளோடு அரைத்துப் புளிக்கரைசலில் கலந்து ஊற்றுங்கள். மாவைக் கடைசியில் ஊற்றி, தீயைக் குறைத்து, கை ஓயாமல் துழாவ வேண்டும். கொஞ்சம் கவனம் தவறினாலும் கட்டிபட்டுவிடும். இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை. பலா இலையைக் கோலிக் குடித்தால் அதன் ருசியே வேறு.

நண்டு எங்கே என்று கேட்பீர்கள். நண்டு விஷயத்தில் மத்ஹபு நூல்களிலும் இக்கால உலமாக்களிடையேயும் கருத்து வேறுபாடு உண்டு. அதை மஸ்அலாப் பக்கத்தில் வைத்துக்கொள்வோம். நண்டு இல்லாமலும் கூழ் கூழ்தான்!

இந்தப் பானையை ஒருவருக்காகக் காய்ச்ச முடியாது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். எவ்வளவு குறைத்துப் போட்டாலும் 5 பேருக்குக் காணும். குழம்பு காய்ச்சினால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்கும்படி அபூதர் (ரழி) அவர்களுக்கு நபியவர்கள் செய்த உபதேசம் இந்தக் கூழுக்கு என்றே சொன்னதுபோல் இருக்கிறது. 2022-இல் நாட்டில் காஸ் தட்டுப்பாடும் விலையேற்றமும் வந்தபோது, ஒரே அடுப்பில் ஒரே பானையில் முடியும் இந்தச் சமையலின் அருமை பல வீடுகளுக்கு மறுபடி தெரிந்தது.

கூழ் தினமும் காய்ச்சுவதல்ல. மற்ற நாட்களுக்குப் பிட்டு, சோறு. அவற்றுக்குச் சொதி, கருவாட்டு ஆணம், முருங்கையிலை வறை. கருவாட்டைச் சுடுநீரில் இரண்டு முறை கழுவியெடுத்த பிறகே சட்டியில் போடுங்கள். வீட்டில் பிரஷர் உள்ளவர்கள் இருந்தால் ஆணத்துக்குத் தனியாக உப்புப் போடவே வேண்டாம். கத்தரிக்காயும் முருங்கைக்காயும் சேர்த்தால் உப்பின் வேகம் தணியும். சொதிக்கு முதற்பால் ஊற்றியபின் கொதிக்கவிடாதீர்கள், திரைந்துவிடும். இறக்கி வைத்துத்தான் தேசிக்காய் பிழிய வேண்டும்.

இவற்றையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1990 ஒக்டோபர் கடைசியில் வட மாகாண முஸ்லிம்கள் 70,000-க்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி, தாராபுரம் போன்ற தீவுக் கிராமங்களின் மக்கள் தோணிகளில் கல்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினார்கள். அதுவும் மழைக்காலத் தொடக்கம். அம்மியையும் உரலையும் யாரால் தோணியில் ஏற்ற முடியும்? புத்தளத்து மக்கள் சோறாக்கிக் கொடுத்தார்கள். அந்த நன்றியை நாம் மறக்கக் கூடாது. பிறகு ஓலைக் கொட்டில்களில், நிவாரண அரிசியிலும் பருப்பிலும் மாவிலும் பல ஆண்டுகள் கழிந்தன. அங்கே பிறந்த பிள்ளைகள் இன்று தாங்களே தாய்மார்களாகிவிட்டார்கள். மூத்தம்மா சொல்லக் கேட்டதோடு சரி, ஒடியலைக் கையால் தொட்டறியாதவர்கள் அவர்களில் எத்தனையோ பேர்.

2009-இல் யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்தவர்களிலும் பல குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தே வாழ்கின்றன. வாப்பா மன்னாரில் தொழிலில். உம்மாவும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்காகப் புத்தளத்தில். இங்கே ஒரு சட்டி, அங்கே ஒரு சட்டி. தனியாக இருக்கும் ஆண் கடைப் பராட்டாவோடு இரவை முடிக்கிறார். பிள்ளைகளோ பாக்கெட் நூடுல்ஸைக் கேட்கிறார்கள். இதற்கு யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு லீவு கிடைத்து எல்லோரும் ஊரில் கூடும் வாடை நாட்களில், ஒரு மத்தியானமாவது கூழ்ப்பானையை அடுப்பில் ஏற்றுங்கள். மகளைத் துழாவச் சொல்லுங்கள், மகனையும்தான். மூத்தம்மா பக்கத்தில் உட்கார்ந்து பதம் சொல்லட்டும். அவர் அந்தச் சாக்கில் ஊர்க்கதை பேசினால் குறுக்கே பேசாதீர்கள்.

திரும்பிப் போகும்போது ஒடியல் மாவை ஈரம் படாத போத்தலில் இறுக்கி மூடிக் கொண்டுபோங்கள். பல நாள் இருக்கும். கருவாட்டை மட்டும் மூன்று பையாகச் சுற்றிக் கட்டுங்கள். புத்தளத்து பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரும் நமக்கு அண்டை அயலார்தான்!