வெப்பமானி நகராத நேரம்



ஒரு முகவையில் பனிக்கட்டித் துண்டுகளை இட்டு, வெப்பமானியைச் செருகி, சிறு சுடரில் கலக்கிக்கொண்டே சூடேற்றிப் பாருங்கள். நிமிடங்கள் கழியும்; பாதரசம் 0 டிகிரி செல்சியஸை விட்டு நகராது. "சார், விளக்கு எரிகிறதா?" என்று ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் கேட்பார். விளக்கு எரிகிறது, வெப்பமும் உள்ளே செல்கிறது. ஆனால் அது பனிக்கட்டியின் மூலக்கூறுப் பிணைப்பைத் தளர்த்துவதில் செலவாகிறது. ஒரு கிராம் பனிக்கட்டி உருக ஏறத்தாழ 80 கலோரி வேண்டும். உருகிய நீரை 1 டிகிரி உயர்த்தவோ 1 கலோரி போதும்! இதுவே உள்ளுறை வெப்பம். 1760-களில் இதைக் கண்டறிந்தவர் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக்.

இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் ஒரு மாணவன் என் நினைவுக்கு வருவான். தந்தையை இழந்து வகுப்புக்குத் திரும்பியவன். அழவில்லை; சிரிக்கவில்லை; எதற்கும் தலையசைப்புத்தான். "திமிர்" என்றனர் சிலர். நானும் ஒருநாள் அவனை எல்லார் முன்னும் எழுப்பி, வாய்திறந்து பேசச் சொன்னேன். மறுநாள் அவன் வரவில்லை. பிழை என்னுடையது.

பேரதிர்ச்சியில் உடல் எதிர்த்து நிற்கும், அல்லது ஓடும். இரண்டும் இயலாதபோது உறைந்துபோகும். இது தற்காப்பு, பிடிவாதம் அன்று. சுருண்ட மரவட்டையைக் குச்சியால் குத்தினால் அது விரியுமா?

சரியாக நடந்துகொண்டவன் அவனுடைய பெஞ்சுத் தோழன். தினமும் அருகில் அமர்ந்தான்; விட்டுப்போன பாடங்களை எழுதிக் கொடுத்தான்; டிபன் பாக்ஸை நடுவில் வைத்தான்; எதையும் துருவிக் கேட்கவில்லை. மாதங்கள் கடந்தன. ஒரு மாலை அவனாகவே கேட்டான்: "நாளைக்கு லேப் உண்டா?" அவ்வளவுதான். ஆனால் அன்றுதான் வெப்பமானி நகர்ந்தது.

மனம் பனிக்கட்டி அன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு எத்தனை கலோரி என்று அட்டவணை கிடையாது. இன்று இளகியது நாளை மீண்டும் இறுகலாம். மேலும், பொறுமை என்பது தனியே விட்டுவிடுவதும் அன்று. நண்பர் உண்ணாமல், உறங்காமல் வாடினாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ காத்திருக்காதீர்கள். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ அன்றே சொல்லுங்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' இலவசத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

மௌனமாக இருப்பவரைத் திமிர் பிடித்தவர் என்று முடிவு கட்டுவது எளிது. விஞ்ஞானம் பயில்பவர் அப்படிச் செய்யலாமா? வெப்பமானி நகரவில்லை என்பதற்காக விளக்கை அணைத்துவிடாதீர்கள்.