மாத்திரையை நிறுத்தவும் மருத்துவம் வேண்டும்

அல்பிரசோலம், டயசெபம் போன்ற பதற்றத் தணிப்பு மாத்திரைகள் குறுகிய காலப் பயன்பாட்டிற்கு உரியவை. ஆனால் வேலையிழப்பு அச்சத்தாலும் இரவுப் பணியாலும் உறக்கம் தொலைத்த தொழிலாளிக்கு அவை மாதக்கணக்கில் நீள்கின்றன. ஒரு நாள் கூலியை இழந்தால்தான் மருத்துவரை மீண்டும் காண முடியும் என்பதால் பழைய சீட்டே தொடர்கிறது. பின்னர் பணமின்மையாலோ, அடிமையாகிவிடுவோம் என்ற அச்சத்தாலோ மாத்திரை திடீரென நிறுத்தப்படுகிறது.

அதற்குள் மூளை அம்மருந்துக்குப் பழகிவிடுகிறது. தூக்கமின்மை, கைநடுக்கம், வியர்வை, முன்னிலும் கடுமையான பதற்றம் தோன்றுகின்றன. சிலருக்கு வலிப்பும் வரக்கூடும். இது மனவலிமைக் குறைவு அன்று. மருத்துவர் மேற்பார்வையில் வாரக்கணக்கில், தேவையெனில் மாதக்கணக்கில், அளவைப் படிப்படியாகக் குறைப்பதே பாதுகாப்பான வழி.

இம்மருந்துகளை எச்1 அட்டவணையில் சேர்த்து, 2014 முதல் விற்பனைப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது ஒன்றிய அரசு. கடைக்காரரைக் கட்டுப்படுத்தினால் மட்டும் போதாது. மருந்தை விட முயல்பவருக்கு மருத்துவர் வேண்டும். அரசு மருத்துவச் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை 2017ஆம் ஆண்டுச் சட்டம் அளித்துள்ளது. 14416 என்ற தொலைபேசி ஆலோசனை பயனுள்ளதே. எனினும் அது நேரடிச் சிகிச்சைக்கு ஈடாகாது.

ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் தொடர் கண்காணிப்பு, சிகிச்சைக் காலத்திற்கு ஊதியத்துடன் விடுப்பு: இவை தொழிற்சங்கக் கோரிக்கைகளில் இடம்பெற வேண்டும். உறக்கத்தைப் பறிக்கும் பணிச்சூழலை மாற்றும் போராட்டமும் இத்துடன் இணைந்ததே.