நடைபாதையா? நடுச்சாலையா?

“சைக்கிளோட்டி நடைபாதையில் ஏறிக்கொள்ளட்டும்; சாலையை மோட்டாருக்கு விடட்டும்” என்று உரைக்கின்றனர் சிலர். மோட்டாரில் அமர்ந்தபடி மொழிந்திடும் நீதி அது!

வண்ணாரப்பேட்டைக்கு வந்து பார்க்கட்டும் அவர்கள். எம்.சி. சாலையோரத்தில் கடை விரித்திருப்பவள் யார்? அந்தச் சைக்கிளோட்டியின் தங்கை. கைக்குழந்தையுடன் ஓரமாக நடப்பவள் யார்? அவன் மனைவி. அவர்கள்மீதா சக்கரத்தை ஏற்றுவது? ஏழையை ஏழைமீது ஏவிவிடும் ஏற்பாடன்றோ இது!

நடைபாதை நடப்போர்க்கு, சைக்கிளுக்கு உரிய இடம் சாலையே. ஆனால், துறைமுகம் நோக்கிக் கன்டெய்னர் லாரிகள் அணிவகுக்கும் எண்ணூர் விரைவுச் சாலையிலே, ஆலைக்குச் செல்லும் தோழன் உயிரைக் கையில் பிடித்தல்லவா மிதிக்கிறான்!

வழியில்லையா? உண்டு. சாலையிலேயே தனித்தடம்! அத்தகைய தடத்துள் மோட்டார் நுழையலாகாதென்று மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதியே கூறுகிறது. விதி இருக்கிறது, தடம் எங்கே? போக்குவரத்து நிதியில் நூற்றுக்கு 60 பங்கு நடப்போர்க்கும் மிதிப்போர்க்கும் என்று 2014இல் கொள்கை வகுத்தது சென்னை மாநகராட்சி. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வழங்குகிறது மாநில அரசு. வண்டி தந்த கை வழியும் தர வேண்டாமா?

1970களில் ஆலந்து நாட்டுப் பெற்றோர், மோட்டாருக்குப் பிள்ளைகளைப் பலிகொடுத்தது போதுமென வீதிக்கு வந்தனர். தடங்கள் பிறந்தன. கெஞ்சிப் பெற்றதல்ல, கிளர்ந்து பெற்றது!

தோழர்களே, வட்டந்தோறும் மாமன்ற உறுப்பினரைக் காணுங்கள். நம்மவரே ஆயினும் கேளுங்கள்: “அறுபதில் எங்கள் பங்கு எங்கே?”

நடைபாதை தாய்க்கு! தடம் தொழிலாளிக்கு!