நிற்கத் தெரிந்த பழமை

நுழையும்முன்

கோவிலும் கல்வெட்டும் ஓலைச்சுவடியும் இருந்த இடத்தில் இருந்தபடியே பழமையைப் பேசும். பழைய மகிழுந்தோ சாலையில் ஓடிக்காட்டினால்தான் தன் காலத்தை முழுமையாகப் பேசும். ஓடும் பொருள் உரிய இடத்தில் நிற்கவும் வேண்டும். பழமையைக் காப்பதற்கும் உயிரைக் காப்பதற்கும் இடையே எழும் கேள்வியை இக்கட்டுரை ஆராய்கிறது.

முட்டுக்கட்டை சொல்லும் செய்தி

‘முட்டுக்கட்டை போடுதல்’ என்னும் தொடர் இன்று நல்ல செயலைத் தடுப்பது என்ற பொருளிலேயே வழங்குகிறது. தேரோட்டத்திலோ அச்சொல்லுக்கு உயிர்காக்கும் பொருள் உண்டு. பெருந்தேர் வீதியில் அசைந்துவரும்போது, சக்கரத்தின் அடியில் உரிய நொடியில் மரக்கட்டையை இட்டு அதன் வேகத்தை அடக்குவோரின் கைத்திறனை நம்பியே ஆயிரக்கணக்கானோர் வடம்பிடிக்கின்றனர். திருவாரூர் ஆழித்தேருக்குப் பிற்காலத்தில் இரும்புச் சக்கரங்களும் நீர்ம அழுத்த பிரேக்கும் பொருத்தப்பட்டன. திருச்சிராப்பள்ளியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனம் அப்பணியைச் செய்தது. அதனால் ஆழித்தேரின் பெருமை குறைந்ததென்று எவரும் சொல்வதில்லை. தேரின் உருவமும் மரபும் அப்படியே நிற்க, அதனைச் சூழ்ந்து வரும் மக்களின் பாதுகாப்புக் கூடியது.

பழைய மகிழுந்துகளைப் போற்றுவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய முன்மாதிரி இது.

மாறிய சாலையும் மாறாத ஊர்தியும்

இந்தியச் சாலைகளை நெடுங்காலம் ஆண்ட மகிழுந்துகளுள் அம்பாசிடர் தலையாயது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை மகிழுந்தை அடியொற்றி, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் உருவாக்கப்பட்ட அவ்வூர்தியின் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு, ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்னும் பெயரில் சென்னையில் தயாரிக்கப்பட்டது. ஃபியட் 1100, பிரீமியர் பத்மினி ஆகியவையும் அக்காலத்தின் அடையாளங்கள். இத்தகைய ஊர்திகளை அன்போடு காத்துவருவோர் தமிழகத்தில் பலர் உள்ளனர். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவின் பெயரோடு இணைந்த ஜீடி மகிழுந்து அருங்காட்சியகம் பல நாட்டுப் பழைய மகிழுந்துகளைக் காட்சிக்கு வைத்துள்ளது.

அருங்காட்சியகத்தில் நிற்கும் மகிழுந்துக்கு பிரேக்கால் பயனில்லை. சாலைக்கு வரும் மகிழுந்துக்கோ அதுவே முதல் தேவை. அக்கால மகிழுந்துகள், வேகமும் நெரிசலும் குறைந்த சாலைகளை எண்ணி வடிவமைக்கப்பட்டவை. இன்று அவற்றின் முன்னே செல்லும் புதிய ஊர்தி வட்டத்தட்டு பிரேக்கும் சக்கரப் பூட்டுத் தடுப்பு அமைப்பும் கொண்டது. குறுகிய தொலைவில் நின்றுவிடும். பின்னே வரும் பழைய ஊர்தியும் அதற்குள் நின்றாக வேண்டும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உயரும் என்பது இயற்பியல் விதி. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் 80 ஆக உயர்ந்தால், பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்காக அன்று, நான்கு மடங்காகிறது. பிரேக்கின் விசை மாறாதிருந்தால், பிரேக் பிடித்தபின் ஊர்தி ஓடும் தொலைவும் நான்கு மடங்காகும். பழமையின் மீதுள்ள பற்று இவ்விதியை மாற்றிவிடாது.

பராமரிப்பே முதல் கடமை

பழைய ஊர்தியின் பிரேக் பழையது என்பதாலேயே ஆபத்தானது என்பது தவறான முடிவு. பேணப்படாத பிரேக்கே ஆபத்தானது. டிரம் பிரேக்கின் இயக்கம் எளிது. மிதியை அழுத்தியதும் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிரேக் ஆயில் குழாய்கள் வழியே சக்கர உருளைகளுக்கு அழுத்தத்தைக் கடத்துகிறது. அவ்வழுத்தம் பிறைவடிவ பிரேக் ஷூக்களை விரித்து, சுழலும் டிரம்மின் உட்புறத்தில் பதியச் செய்கிறது. உராய்வு பிறக்கிறது, இயக்கம் வெப்பமாகிறது.

அவ்வெப்பமே டிரம் பிரேக்கின் பகையுமாகிறது. உதகை மலைப்பாதையில் இறங்கும் ஓட்டுநர் மிதியிலிருந்து காலை எடுக்காமலே வந்தால், டிரம் சூடேறி விரிந்து ஷூக்களை விட்டு விலகுகிறது, உராய்வும் தளர்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் ஊர்தி அடங்காத நிலை அப்போது உண்டாகும். தாழ்ந்த கியரில் எஞ்சினின் இழுவையைத் துணைக்கொண்டு இறங்குவதே அதற்கு மருந்து. இயந்திரத்தின் எல்லையை அறிந்து ஓட்டுவதும் பராமரிப்பின் ஒரு பகுதியே.

கண்ணுக்குத் தெரியாத குறைகள் இன்னும் கொடியவை. ரப்பர்க் குழாய் வெளியே பளபளப்பாக இருக்க, உள்ளே உப்பி வழியை அடைத்திருக்கலாம். அப்போது அழுத்தம் சக்கரத்துக்குச் சென்று திரும்பாமல் நின்று, பிரேக் தானே இறுகிச் சூடேறும். எஃகுக் குழாய் உள்ளிருந்தே துருப்பிடித்திருக்கலாம். அக்கால ஊர்திகள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே நீர்மச் சுற்று. ஓரிடத்தில் கசிவு ஏற்பட்டாலும் நான்கு சக்கரங்களும் ஒருசேரத் தடை இழக்கும். வண்ணப்பூச்சுக்கும் இருக்கையின் தோலுறைக்கும் பெரும் பொருள் செலவிட்டு, சில முழக் குழாயை மாற்றத் தயங்குவது பழமை போற்றும் பண்பாகாது. ஒப்பனையிட்ட ஊர்தி விழாவில் பரிசு பெறலாம். வளைவில் எதிர்ப்படும் பள்ளிச் சிறுவனைக் காப்பது அந்தக் குழாயே.

தெரியுமா?

வழக்கமான பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியசு. நீர் கலந்தபின் அதற்கென வகுக்கப்பட்ட குறைந்த அளவு 140 பாகை மட்டுமே. ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் தோன்றினால், மிதி அழுத்தம் குமிழ்களைச் சுருக்குவதிலேயே வீணாகும், சக்கரத்தைச் சென்றடையாது. எனவே ஊர்தி ஓடாமல் நின்றிருந்தாலும் உரிய காலத்தில் பிரேக் ஆயிலை மாற்ற வேண்டும்.

அதிர்வைத் தாங்கும் அமைப்பு

பிரேக் ஊர்தியை நிறுத்துகிறது. சக்கரம் தரையைவிட்டு எழாதபடி காப்பது சஸ்பென்ஷன் என்னும் அதிர்வு தாங்கும் அமைப்பு. சக்கரம் தரையைப் பற்றாதபோது எத்தனை சிறந்த பிரேக்கும் பயன்தராது. ஆகவே இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தல் பிழை. அம்பாசிடரின் முன்புறத்தில் முறுக்குத் தண்டுகளும், பின்புறத்தில் எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய பட்டை விற்களும் உடலின் சுமையைத் தாங்குகின்றன. விற்கள் மேடுபள்ளத்தை விழுங்கும். ஷாக் அப்சார்பர் அவற்றின் துள்ளலை அடக்கும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வற்றினால் பள்ளத்தைக் கடந்த பின்னரும் ஊர்தி குதித்துக்கொண்டே செல்லும். ஒவ்வொரு குதிப்பிலும் சக்கரத்தின் பிடி தளரும். ரப்பர் புஷ் தேய்ந்தால், பிரேக் பிடிக்கும்போது ஊர்தி ஒருபக்கமாக இழுக்கும். கிரீஸ் இடவேண்டிய மூட்டுகளுக்கு முறையாக கிரீஸ் இடுதல் எளிய வேலை. அந்த எளிய வேலை தவறிய ஊர்திகளே பின்னாளில் ‘இதன் அமைப்பே சரியில்லை’ என்னும் பழியைச் சுமக்கின்றன.

மாற்றலாமா, கூடாதா?

இவ்விடத்தில் இரு கட்சியினர் எதிரெதிரே நிற்கின்றனர். பழைய ஊர்தி ஒரு வரலாற்று ஆவணம். அதன் ஓர் உறுப்பை மாற்றுவதும் ஆவணத்தைத் திருத்துவதே என்பர் ஒரு சாரார். உயிரைவிட ஆவணம் பெரிதன்று. முன்சக்கரங்களில் வட்டத்தட்டு பிரேக்கைப் பொருத்துவதே அறிவுடைமை என்பர் மறுசாரார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. இருவரும் காணத் தவறுவனவும் உண்டு.

முதற்கட்சியினர் மறப்பது, பிரேக் ஷூவும் ரப்பர்க் குழாயும் தேய்வதற்காகவே செய்யப்பட்ட உறுப்புகள் என்பதை. அவற்றை மாற்றுவது ஆவணத்தைத் திருத்துவதாகாது. தயாரிப்பாளரே எதிர்பார்த்த பணி அது. தயாரிப்பாளர்களும் தம் வடிவமைப்பை மாற்றாச் சட்டமாகக் கருதியதில்லை. ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பின்புறத்தில் ஊசலாடும் அரையச்சுகள் இருந்தன. வளைவில் விரைந்து திரும்புகையில் சக்கரம் உட்புறமாகச் சாய்ந்து பிடிப்பை இழக்கும் குறை அவ்வகை அமைப்புக்கு உண்டு. அதே நிறுவனம் 1972இல் கொண்டுவந்த ‘கெசல்’ மகிழுந்தில் அதனைக் கைவிட்டு, உறுதியான முழு அச்சைப் பொருத்தியது. பாதுகாப்புக்காகவும் உறுதிக்காகவும் மாறுவதும் மகிழுந்து வரலாற்றின் பகுதியே என்பதற்கு இதுவே சான்று.

மறுகட்சியினர் மறப்பது, பிரேக் ஒரு தனி உறுப்பன்று, ஓர் அமைப்பு என்பதை. டிரம் பிரேக்கில் சுழற்சியின் திசையில் விரியும் ஷூவை அச்சுழற்சியே மேலும் இறுக்கும். வட்டத்தட்டு பிரேக்குக்கு அத்துணை இல்லை. மிதியைக் கூடுதலாக அழுத்த வேண்டும், அல்லது விசையைப் பெருக்கும் துணைக்கருவி வேண்டும். மாஸ்டர் சிலிண்டரின் அளவும் அதற்கு இசைய வேண்டும். முன்பின் தடைவிசைகளின் சமநிலை கெட்டுப் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் ஊர்தி சுழன்றுவிடும். பாதுகாப்புக்கெனச் செய்த மாற்றமே விபத்துக்கு வழியாகும். வேறொரு மகிழுந்திலிருந்து கழற்றிய உறுப்புகளைக் கணக்கின்றிப் பொருத்துவது துணிச்சலாகலாம், பொறியியல் ஆகாது.

அழகுக்காக வில்லை வெட்டி ஊர்தியைத் தாழ்த்துவது முற்றிலும் கண்டிக்கத்தக்கது. அதனால் வில்லின் அசைவெல்லை சுருங்குகிறது. சக்கரத்தின் கோணங்கள் மாறுகின்றன. பள்ளத்தில் அடிச்சட்டகமே அடிவாங்குகிறது. இதில் பழமையும் காக்கப்படவில்லை, உயிரும் காக்கப்படவில்லை.

மாற்றத்துக்கான இலக்கணம்

எனவே தெளிவான வரன்முறை தேவை. முதலாவது, தயாரிப்பாளர் வகுத்த நிலைக்கு ஊர்தியை முழுமையாகக் கொண்டுவந்த பின்னரே மாற்றத்தைப் பற்றி எண்ண வேண்டும். இரண்டாவது, மாற்றம் பாதுகாப்பை ஈட்டுவதாகவும் முழு அமைப்போடு ஒத்திசைவதாகவும் இருக்க வேண்டும். ஒற்றை நீர்மச் சுற்றை முன்பின் சக்கரங்களுக்குத் தனித்தனிச் சுற்றுகளாக முறைப்படி பிரிப்பது இத்தகையது. மூன்றாவது, செய்த மாற்றத்தை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர இயல வேண்டும். பழைய ஊர்திகளுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற டூரின் சாசனமும் இக்கருத்தையே வலியுறுத்துகிறது. மாற்றங்கள் மூலக் கட்டமைப்பையும் தோற்றத்தையும் மதிக்க வேண்டும், இயன்றவரை மீளத்தக்கனவாக இருக்க வேண்டும், அகற்றிய முதன்மை உறுப்புகள் ஊர்தியோடே பேணப்பட வேண்டும் என்று அது கூறுகிறது. நான்காவது, மாற்றத்தைப் பதிவுசெய்தல் வேண்டும். அடுத்து அவ்வூர்தியைப் பெறுவோர் அதன் உண்மை வரலாற்றை அறிய அப்பதிவே துணை.

சட்டத்தின் எல்லையும் அறியத்தக்கது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று வேறுபடுமாறு ஊர்தியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2021இல் வெளிவந்த நடுவணரசின் விதிகள், 50 ஆண்டுகளைக் கடந்த ஊர்திகளைத் தொன்மை ஊர்திகளாகப் பதிவுசெய்ய வழிவகுத்தன. அடிச்சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் இருத்தலாகாது என்பது அதற்கான நிபந்தனை. பழமையைக் காக்கும் இவ்விதிகள் போற்றத்தக்கவை. ஆயினும் தோற்றத்தின் மூலநிலைக்குத் தரும் அதே கவனத்தை பிரேக்கின் செயல்திறனுக்கும் தருதல் வேண்டும். ஊர்வலத்துக்கு வரும் ஒவ்வொரு பழைய ஊர்தியும் அதற்குமுன் பிரேக் ஆய்வைக் கடந்தாக வேண்டும் என்பதை விழா நடத்துவோரே நெறியாக்கலாம். அதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

முடிவுரை

பழைய மகிழுந்தைக் காப்பவர் தம் உடைமையை மட்டும் காப்பவர் அல்லர். ஒரு காலத்தின் கைத்தொழிலையும் அறிவையும் அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்ப்பவர். டிரம்மைக் கழற்றிப் பிரேக் ஷூவைச் சீர்செய்யவும், பட்டை வில்லைத் தட்டி வளைவு ஏற்றவும் அறிந்த பட்டறைத் தொழிலாளர்களின் திறனும் காக்கப்பட வேண்டிய செல்வமே. பொதுச்சாலையோ உரிமையாளருக்கு மட்டும் உரியதன்று. அதில் நடந்து செல்பவருக்கும் மிதிவண்டியில் செல்பவருக்கும் பழைய ஊர்தியின் வயது ஒரு பொருட்டன்று. அது உரிய இடத்தில் நிற்குமா என்பதே அவர்களுக்குத் தேவை. அந்த உறுதியை அளிக்கும் ஊர்தியே சாலைக்கு வரும் தகுதி பெறுகிறது.